வால்ஷ் அச்சடித்த ஹாண்டெல் சொலோ 12: முகப்பில் ரெக்கார்டர் இல்லை, உள்ளே நான்கு இருக்கிறது

#1 மூங்கில்காடு

வணக்கம். 18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'ஓபஸ் 1' (முதல் படைப்புத் தொகுதி) சொனாட்டாக்களைப் பழைய அச்சிலிருந்தே வாசிக்க எண்ணம். இணையத்தில் இரண்டு ஸ்கேன் கிடைக்கிறது. ஒன்றின் முகப்பு பிரெஞ்சில்: ட்ராவெர்ஸியேர் (குறுக்குக் குழல்), வயலின் அல்லது ஓபோவுக்கான சொனாட்டாக்கள், ஆம்ஸ்டர்டாம், ழான் ரொஜே, எண் 534. மற்றது ஆங்கிலத்தில்: ஜெர்மன் ஃபுளூட் (அதே குறுக்குக் குழல்), ஹோபாய் (ஓபோ) அல்லது வயலினுக்கான சொலோக்கள், லண்டன், ஜான் வால்ஷ். இரண்டிலும் பன்னிரண்டு சொனாட்டா. இரண்டு முகப்பிலும் ரெக்கார்டர் (நெடுக்காகப் பிடித்து ஊதும் குழல்) என்ற பேச்சே இல்லை. ஆனால் உள்ளே புரட்டினால் நான்கின் தலையில் 'ஃப்ளாவுட்டோ சொலோ' என்று இருக்கிறது.

என்னிடம் இருப்பது எஃப் ஆல்ட்டோ ரெக்கார்டர். கேள்வி இரண்டு. எந்த ஸ்கேனை எடுப்பது? பன்னிரண்டில் எனக்கு உரியவை எவை?

#2 ஈயத்தகடு

வால்ஷை எடுங்கள். அந்த 'ஆம்ஸ்டர்டாம்' பொய்.

ழான் ரொஜே 1722 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். கடை அவருடைய அக்காள் கணவர் மிஷெல் ஷார்ல் லெ சேன் கைக்குப் போனது. இந்தப் பதிப்போ 1730 வாக்கில் வந்தது. ஏழெட்டு வருடம் முன்பு இறந்தவர் பெயரில் புத்தகம். தகட்டில் பொறித்திருக்கும் கையைப் பார்த்தால் லண்டனில் வால்ஷின் கடைக்கு வேலை செய்தவர்களின் கை. ஆக இரண்டு ஸ்கேனும் ஒரே கடைச் சரக்கு.

ஏன் இந்த மறைப்பு என்பதற்குக் கடிதச் சான்று கிடையாது. ஊகிக்கக் காரணம் இருக்கிறது. 1720 ஜூனில் ஹாண்டெல் தன் படைப்புகளுக்குப் 14 ஆண்டு அரச உரிமம் வாங்கியிருந்தார். அனுமதியில்லாமல் போடும் புத்தகத்துக்கு வெளிநாட்டு முகவரி சௌகரியம். 1730 வாக்கில் கடை மகன் வால்ஷிடம் வந்த பிறகு ஹாண்டெலோடு உறவு சீரானது. 1732 வாக்கில் அதே தொகுதி சொந்தப் பெயரில் வருகிறது. முகப்பின் அடியில் ஒரு வரி: முந்தைய பதிப்பை விட இது திருத்தமானது. 'முந்தைய பதிப்பு' எது என்று சொல்லாமல் தன் திருட்டுப் பதிப்பையே குறை சொல்லும் துணிச்சல்!

பெரும்பாலான தகடுகள் இரண்டிலும் ஒன்றே. சில புதிதாகப் பொறிக்கப்பட்டன. பெரிய மாற்றம் 10, 12 ஆகிய இரண்டில். 'ரொஜே'யில் அவை ஏ மேஜர், இ மேஜர் வயலின் சொனாட்டாக்கள். வால்ஷில் அவற்றைத் தூக்கிவிட்டு ஜி மைனர், எஃப் மேஜர் வயலின் சொனாட்டாக்களைப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த நான்குமே ஹாண்டெல் எழுதியதல்ல என்பதுதான் இன்றைய பொதுக் கருத்து. பழைய பிரதியிலேயே அந்த இடங்களில் 'இது மிஸ்டர் ஹாண்டெலுடையதல்ல' என்று யாரோ கையால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

#3 தாழைமடல்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வால்ஷ் பதிப்பின் வரிசை இது. 1 இ மைனர், ட்ராவெர்ஸா. 2 ஜி மைனர், ஃப்ளாவுட்டோ. 3 ஏ மேஜர், வயலின். 4 ஏ மைனர், ஃப்ளாவுட்டோ. 5 ஜி மேஜர், ட்ராவெர்ஸா. 6 ஜி மைனர், ஹோபாய். 7 சி மேஜர், ஃப்ளாவுட்டோ. 8 சி மைனர், ஹோபாய். 9 பி மைனர், ட்ராவெர்ஸா. 10 ஜி மைனர், வயலின். 11 எஃப் மேஜர், ஃப்ளாவுட்டோ. 12 எஃப் மேஜர், வயலின்.

உங்களுக்கு நேரடியாக உரியவை 2, 4, 7, 11. ஹாண்டெல் படைப்புப் பட்டியல் எண்கள் முறையே 360, 362, 365, 369. இத்தாலியத்தில் வெறுமனே 'ஃப்ளாவுட்டோ' என்றால் அக்காலத்தில் ரெக்கார்டர்தான். குறுக்கே பிடிப்பதற்கு 'ட்ராவெர்ஸா' அல்லது 'ட்ராவெர்ஸியேர்' என்று அடைமொழி வேண்டும். ஆங்கிலத்தில் 'ஃபுளூட்' என்றால் ரெக்கார்டர், 'ஜெர்மன் ஃபுளூட்' என்றால் குறுக்குக் குழல். பிரெஞ்சிலும் 1690களில் வெறும் 'ஃப்ளூட்' பெரும்பாலும் நெடுக்குக் குழல்தான். வயோல் இசைஞர் மாரேன் மாரே 1692இல் பாரிஸில் அச்சிட்ட ட்ரியோக்களின் முகப்பில் வரும் 'ஃப்ளூட்'டை இன்றைய அர்த்தத்தில் மட்டும் படித்தால் கருவியே மாறிப்போகலாம்.

முகப்பில் ரெக்கார்டர் இல்லாததற்குக் காரணம் வியாபாரம். 1730இல் லண்டன் கனவான்கள் ஜெர்மன் ஃபுளூட் கற்றுக்கொண்டிருந்தார்கள், ரெக்கார்டர் பழைய மோஸ்தர். ஹாண்டெல் இவற்றை எழுதியதோ 1720களின் நடுவில். முகப்பு வாங்குபவரைக் கூப்பிட, உள்தலைப்பு வாசிப்பவருக்கு. சந்தேகம் வந்தால் எப்போதும் உள்தலைப்பை நம்புங்கள்.

#4 பொடிஎழுத்து

உள்தலைப்பையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாதுங்க. 6ஆவது ஜி மைனர் 'ஹோபாய் சொலோ'ன்னு அச்சில் இருக்கு. ஹாண்டெல் கைப்படியில் தலைப்பு 'வயலினோ சொலோ'. அதே தாளில் முதல் பாரை (தாளக் கட்டத்தை) மட்டும் கீழே மாத்தி எழுதி வயோலா ட காம்பாவுக்குன்னும் (முழங்காலுக்கிடையே பிடிக்கற வில் கருவி) குறிப்பு வெச்சிருக்கார். ஓபோன்னு சொன்னது வால்ஷ் மட்டும்தான்.

#5 ஒற்றைச்சாவி

உண்மை. மூன்று ட்ராவெர்ஸா சொனாட்டாக்களும் அப்படித்தான். மூன்றில் ஒன்றுகூட ஹாண்டெல் ஃபுளூட்டுக்காக முதலில் எழுதியதில்லை.

1ஆவது இ மைனர்: மூலம் டி மைனர் வயலின் சொனாட்டா, பட்டியல் எண் 359ஏ. ஒரு முழுச்சுரம் ஏற்றப்பட்டது.
5ஆவது ஜி மேஜர்: மூலம் எஃப் மேஜர் ஓபோ சொனாட்டா, 363ஏ. இதுவும் ஒரு முழுச்சுரம் மேலே.
9ஆவது பி மைனர்: மூலம் டி மைனர் ரெக்கார்டர் சொனாட்டா, 367ஏ. மூன்று அரைச்சுரம் கீழே.

ஏன் இப்படி என்பது கருவியைக் கையில் எடுத்தால் தெரியும். அக்காலத்து ஃபுளூட்டில் ஆறு துளை, ஒரே ஒரு சாவி. அடிச்சுரம் டி. அக்கால ஓபோவின் அடிச்சுரம் சி. ஓபோ இசையை ஒரு முழுச்சுரம் ஏற்றினால் அதன் அடி சி ஃபுளூட்டின் அடி டியில் வந்து உட்காரும். ஆல்ட்டோ ரெக்கார்டரின் அடி எஃப், ஆகவே மூன்று அரைச்சுரம் இறக்கினால் அதுவும் டியில் உட்காரும்.

சுருதி வசதியும் உண்டு. ஒற்றைச்சாவி ஃபுளூட்டில் எஃப் நேச்சுரலுக்குத் துளை இல்லை. நான்காவதையும் ஆறாவதையும் மூடி, நடுவில் ஐந்தாவதைத் திறந்து குறுக்கு விரல் போட வேண்டும். ஒலி அடைத்துக்கொண்டு வரும், சுருதி ஏறும், ஊதுதுளையை உள்பக்கம் உருட்டி இறக்க வேண்டும். டி மைனரில் அந்தச் சுரம்தான் ராகத்தின் முகம். நொடிக்கு நொடி அதில் போய் விழுவதை விட இ மைனருக்கு ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். இ மைனர், ஜி மேஜர், பி மைனர் மூன்றும் இந்தக் குழலில் வாகான கீ. மாற்றியவர் ஹாண்டெல்தான் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் மாற்றியவருக்குக் குழல் தெரிந்திருக்கிறது.

#6 மூங்கில்காடு

அருமை. அப்படியானால் 1, 5, 9 மூன்றையும் ஆல்ட்டோவில் வாசிக்க மூன்று அரைச்சுரம் ஏற்றினால் போதும், 9ஆவது தானாக மூலக் கீக்கே திரும்பிவிடும், சரியா? புதிதாக எழுதாமல், வால்ஷ் பக்கத்தைப் பார்த்தே வாசிக்க வழி உண்டா?

#7 ஒற்றைச்சாவி

சரி. வழியும் உண்டு. அக்காலத்தில் செய்ததே அதுதான்: கிளெஃப் (எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் வரித்தொடக்கக் குறி) மாற்றிப் படிப்பது.

வால்ஷ் பக்கத்தில் ஜி கிளெஃப் நாம் பழகியபடி இரண்டாவது கோட்டில் இருக்கும். அடிக்கோடு இ. அதை முதல் கோட்டில் இருக்கும் ஜி கிளெஃப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வயலின் கிளெஃப் என்பது இதுதான். இப்போது அடிக்கோடு ஜி. இ இருந்த இடத்தில் ஜி, டி இருந்த இடத்தில் எஃப். அதாவது ஃபுளூட்டின் அடிச்சுரம் உங்கள் அடிச்சுரமாகத் தெரியும்.

கீ அடையாளத்தில் (கிளெஃபை அடுத்து நிற்கும் குறிகளில்) மூன்று ஃபிளாட் கூட்டுங்கள். ஷார்ப் அரைச்சுரம் ஏற்றும், ஃபிளாட் அரைச்சுரம் இறக்கும், ஆகவே ஒரு ஷார்ப்பும் ஒரு ஃபிளாட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 1ஆவதில் ஒரு ஷார்ப், கூட்டினால் இரண்டு ஃபிளாட்: ஜி மைனர். 5ஆவதும் அப்படியே இரண்டு ஃபிளாட்: பி ஃபிளாட் மேஜர். 9ஆவதில் இரண்டு ஷார்ப், கூட்டினால் ஒரு ஃபிளாட்: டி மைனர்.

தவறு நடப்பது இதில் இல்லை, நடுவில் வரும் ஷார்ப், நேச்சுரல் (இரண்டையும் ரத்து செய்யும் குறி) குறிகளில். விதி இது. புதிய பெயரில் ஏ, பி, இ ஆகிய மூன்று சுரங்களில் மட்டும் ஒரு படி இறக்கிப் படிக்க வேண்டும். அங்கே ஷார்ப் போட்டிருந்தால் நேச்சுரல், நேச்சுரல் போட்டிருந்தால் ஃபிளாட். மற்ற நான்கு, அதாவது சி, டி, எஃப், ஜி, போட்டது போட்டபடி. எடுத்துக்காட்டு: இ மைனரில் டி ஷார்ப் வந்தால் அது உங்களுக்கு எஃப் ஷார்ப், குறி மாறவில்லை. சி ஷார்ப் வந்தால் அது இ நேச்சுரல், குறி மாறிவிட்டது.

முதல் வாரம் பக்கத்தில் பென்சிலால் அந்த மூன்று சுரங்களின் குறிகளுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். மற்றவை கண்ணுக்குத் தானாக வந்துவிடும்.

#8 பொடிஎழுத்து

சோலோக்காரர் கிளெஃப் மாத்திட்டு ஜாலியா போயிடுவார். ஹார்ப்சிகார்டு, செல்லோக்காரங்க பாடு? அவங்க பாஸ் கிளெஃப்ல இருக்காங்க. அடிக்கோடு ஜி. அது பி ஆகணும்னா எஃப் கிளெஃப் மூணாவது கோட்டில் இருக்கறதா நினைக்கணும். பாரிடோன் கிளெஃப். செல்லோக்காரருக்கு ரெண்டு நாள்ல வந்துடும். பாஸுக்கு மேலே இருக்கற, கீபோர்டுக்காரர் எந்தச் சுரம் சேர்க்கணும்னு சொல்ற எண்களோட குறிகள்தான் காலை வாரும். தனியா ஒரு ஷார்ப் மட்டும் போட்டிருந்தா அந்த பாஸுக்கு மேஜர் தேர்டு. இ மைனர்ல பி பாஸ் மேல ஷார்ப்னா டி ஷார்ப், ஏத்தினா எஃப் ஷார்ப், ஷார்ப்பாவே இருக்கும். இ பாஸ் மேல ஷார்ப்னா ஜி ஷார்ப், ஏத்தினா பி நேச்சுரல், ஷார்ப்னு படிச்சா நாசம். அதனால கீபோர்டுக்கு மட்டும் புதுசா எழுதிக் கொடுத்துடுங்க. சோலோவும் செல்லோவும் பழைய தாள்லயே படிக்கலாம்.

இன்னொண்ணு. இந்தக் கிளெஃப் வித்தை பிரெஞ்சு அச்சில் வேலைக்கு ஆகாது. அங்க ஏற்கனவே ஜி கிளெஃப் முதல் கோட்டிலதான் இருக்கு.

#9 ஒற்றைச்சாவி

நல்ல நினைவூட்டல், அதைச் சொல்லாமல் விட்டேன். பிரெஞ்சுக் குழல்காரர்கள் மிஷெல் த லா பார், ஒத்தெத்தேர் புத்தகங்களை அதே விதியில் படித்தால் குழப்பம். அவற்றில் அடிக்கோடு ஏற்கனவே ஜி. ஏற்றிப் படிக்க அது பி ஆக வேண்டும், ஆகவே சோலோக்காரரும் மூன்றாம் கோட்டு எஃப் கிளெஃப் என்று நினைத்து, இரண்டு ஆக்டேவ் (எட்டுச்சுர அடுக்கு) மேலே வாசிக்க வேண்டும். ஒத்தெத்தேரே தன் துண்டுகளை ரெக்கார்டரில் வாசிக்க விரும்புவோர் மூன்று அரைச்சுரம் ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார். ஆக இது பின்னாள் கண்டுபிடிப்பு அல்ல.

பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கிளெஃபை விரும்பக் காரணம் துணைக்கோடு. ஃபுளூட் மேல் இ வரை போகும். நம் கிளெஃபில் அதற்கு மூன்று துணைக்கோடு வேண்டும், அவர்களுடையதில் இரண்டே போதும். அடி டிக்கு மட்டும் கீழே ஒரு துணைக்கோடு, அது எப்போதாவது வருவது.

#10 மூங்கில்காடு

குறுக்கே ஒரு கேள்வி. குழலுக்கான முதல் அச்சுத் தொகுதி ஒத்தெத்தேரின் 1707 என்று ஒரு இடத்தில் படித்தேன். சரிதானா?

#11 தாழைமடல்

இல்லை. 1707இல் பாரிஸில் கிறிஸ்தோஃப் பல்லார் அச்சிட்டது ஒத்தெத்தேரின் 'பிரின்சிப்'. அது பயிற்சி நூல், இசைத்தொகுதி அல்ல. குறுக்குக் குழல், ரெக்கார்டர், ஓபோ மூன்றுக்கும் பிடிப்பு, விரலமைப்பு, நாவடி, அலங்காரம் சொல்வது. குறுக்குக் குழலுக்கென்று அச்சான முதல் பயிற்சி நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. தனிக் குறுக்குக் குழலுக்கும் பாஸுக்குமான முதல் அச்சுத் தொகுதி லா பாரின் நான்காவது ஓபஸ், 1702. முன்னுரையில், மாரே வயோலுக்குச் செய்ததை முன்மாதிரியாகக் கொண்டு தன் குழலுக்குச் செய்ததாகச் சொல்கிறார். ஒத்தெத்தேரின் முதல் தொகுதி 1708, அரசருக்குக் காணிக்கை. 1715இல் மறுபதிப்பு. பாஸே இல்லாமல் இரண்டு குழல் மட்டும் என்ற வகையிலும் லா பார்தான் முந்திக்கொண்டார், 1709.

ரெக்கார்டர் என்றால் கணக்கு இன்னும் பின்னே போகும். யாக்கோப் வான் ஐக்கின் தொகுதி ஆம்ஸ்டர்டாமில் பவுலுஸ் மத்தைஸ் அச்சகத்தில் 1644இல் வந்தது. முதலில் 'எயூடெர்ப்பெ' என்ற பெயர், 1649 மறுபதிப்பில் 'டெர் ஃப்ளோய்ட்டன் லுஸ்ட்ஹோஃப்'. இரண்டாம் பாகம் 1646. பாஸ் இல்லை, பெரும்பாலும் ஒற்றைக் குழல் மட்டும். அவர் பார்வையற்றவர், உட்ரெக்ட் நகர மணியிசைக்காரர், ஆகவே இவ்வளவும் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. 1649இல் சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 ஆக்கினார்கள். நிபந்தனை: மாலையில் தேவாலய முற்றத்தில் உலாவ வருபவர்களுக்குச் சிறுகுழல் வாசித்து மகிழ்விக்க வேண்டும்.



#12 ஈயத்தகடு

வான் ஐக் ஸ்கேனைத் திறந்து பார்த்துவிட்டு வால்ஷைத் திறந்தால் கண் வேறுபாட்டை உடனே உணரும். முன்னது அச்செழுத்து கோத்தது, பின்னது தகட்டில் பொறித்தது. இது அழகுப் பிரச்சினை அல்ல, வாசிப்புப் பிரச்சினை.

அச்செழுத்தில் ஒவ்வொரு சுரமும் தன் ஐந்துகோட்டுத் துண்டோடு தனி ஈயக்கட்டை. கட்டைகளை வரிசையாகக் கோத்தால் கோடுகளுக்கிடையே சின்னச் சின்ன வெட்டு தெரியும். வேகச் சுரங்களை ஒரே பட்டையால் இணைக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால். வான் ஐக்கின் மூன்றாவது, நான்காவது மாற்றுருக்களில் பதினாறு சிறு சுரங்கள் பதினாறு வாலோடு வரிசையாக நிற்கும். எது எதோடு சேரும் என்று பக்கம் சொல்லாது. மூலப்பாட்டின் தாளத்தை முதலில் மனத்தில் நிறுத்தி, ஒவ்வொரு அடியும் விழும் சுரத்தின் மேல் பென்சில் கோடு போட்டால்தான் வரும். நேரே வேகத்தில் இறங்குபவர்கள் நாலாம் வரியில் தாளத்தைத் தொலைப்பார்கள். இங்கிலாந்தில் பட்டையிட்ட அச்செழுத்து 1687இல்தான் ஹெப்டின்ஸ்டால் அச்சகத்தில் வந்தது.

தகடு வேறு உலகம். வால்ஷ் கடை பயன்படுத்தியது வெள்ளீயக்கலவைத் தகடு, செம்பை விட மலிவு, மென்மை. ஐந்து பல்லுள்ள கருவியால் ஐந்து கோட்டையும் ஒரே இழுப்பில் கீறுவார்கள். சுரத்தலை, கிளெஃப், எழுத்து எல்லாவற்றுக்கும் எஃகு முத்திரை, சுத்தியால் ஒரே அடி. தண்டு, பட்டை, வளைகோடு மட்டும் கையால் பொறிப்பது. அத்தனையும் இடவலம் மாறிய கண்ணாடி உருவில். பிழை விட்டால் தகட்டின் முதுகில் தட்டி அந்தக் குழியை எழுப்பிச் சமப்படுத்தி மறுபடி பொறிப்பார்கள். ஸ்கேனில் ஒரு இடம் மட்டும் கோடு அலைந்து மங்கலாக இருந்தால் அங்கே திருத்தம் நடந்திருக்கிறது. ரொஜே, வால்ஷ் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து இப்படிப்பட்ட இடங்களைத் தேடுவது தனி சுகம்.

தகடு அலமாரியில் இருக்கும், வாங்குபவர் வரும்போது தேவையான பிரதி எடுப்பார்கள். அதனால்தான் இந்தப் புத்தகங்களில் ஆண்டு கிடையாது. செய்தித்தாள் விளம்பரம், தகட்டு எண், தாளின் நீர்க்குறி, கடை முகவரி இவற்றை வைத்துத்தான் 'வாக்கில்' என்று சொல்கிறோம். ஸ்கேனின் கோப்புப் பெயரில் 1732 என்றிருந்தால் அது பதிப்பின் ஆண்டு, அந்தப் பிரதி இழுக்கப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

#13 பொடிஎழுத்து

பிரான்ஸ்ல பொறிப்புக்கு இன்னொரு காரணம் இருந்துச்சு. அச்செழுத்து இசைக்கு அரச உரிமம் பல்லார் குடும்பத்துக்கிட்ட. தகடு அந்த உரிமத்துக்குள்ள வராது. இசைக்காரர் தானே உரிமம் வாங்கி, தானே செலவு போட்டு, வீட்டு வாசல்லயே விப்பார். முகப்பில் 'ஆசிரியர் இல்லத்தில்'னு இருக்கறது அதுதான். நடுவில் பதிப்பாளர் இல்லாததால குறிகள் ரொம்ப நுணுக்கமா இருக்கும். குழல்காரர் ப்ளாவே 1732 ஓபஸ் 2ல மூச்சு எடுக்கற இடத்துக்கெல்லாம் சின்னதா 'எச்' போட்டிருக்கார். ஒத்தெத்தேர் 1715 பதிப்பில் அலங்காரங்களுக்கு விளக்கம் இருக்கு. கூட்டல் குறி ட்ரில் (மேல்சுரத்தோட வேகமா மாறி மாறி வாசிக்கறது). அலைகோடு விரல் அதிர்வு: துளையின் ஓரத்தை மட்டும் தட்டணும், மூச்சால ஆட்டக் கூடாது.

வால்ஷ்ல இதெல்லாம் தேடாதீங்க. எங்கேயாவது ஒரு 'டிஆர்' (ட்ரில் குறி). மெதுப்பகுதி எலும்புக்கூடு மாதிரிதான் இருக்கும், சதை நாம வைக்கணும்.

#14 மூங்கில்காடு

2ஆவது ஜி மைனரை அச்சில் வாசித்துப் பார்க்கும்போது ஒரு சந்தேகம். ஒரு பாரில் முதலில் ஷார்ப் போட்ட சுரம் அதே பாரில் மறுபடி வருகிறது, குறி இல்லை. இன்றைய விதிப்படி ஷார்ப் தொடர வேண்டும். இவர்கள் கணக்கில்?

#15 தாழைமடல்

இவர்கள் கணக்கில் குறி எந்தச் சுரத்தின் முன் நிற்கிறதோ அதற்கு மட்டும் உரியது. அதே சுரம் இடைவெளியின்றி அடுத்தடுத்து வந்தால் தொடரும். நடுவில் வேறு சுரம் வந்துவிட்டால் கீ அடையாளத்துக்குத் திரும்பிவிடும் என்பது பொது வழக்கம். ஆனால் பொறிப்பவர்கள் இதில் கறாராக இருந்ததில்லை. சந்தேகம் வந்தால் பாஸின் எண்ணைப் பாருங்கள். அங்கே ஷார்ப் அல்லது கோடு குறுக்கிட்ட 6 இருந்தால் மேலே ஏறிய சுரம்தான். கோடு குறுக்கிட்ட எண் என்றால் அந்தச் சுரத்தை அரைச்சுரம் ஏற்ற வேண்டும் என்று பொருள்.

வேறு சில. மைனர் கீக்கு ஒரு ஃபிளாட் குறைவாகப் போடும் பழக்கம் அக்கால அச்சில் சகஜம், விடுபட்ட ஃபிளாட்டை அங்கங்கே கையால் போடுவார்கள். கீ அடையாளத்தில் ஒரே ஷார்ப்பை மேல், கீழ் இரண்டு இடத்திலும் போட்டிருந்தால் இரண்டு ஷார்ப் என்று எண்ணக் கூடாது. ஒரே சுரம்தான். வரிக் கடைசியில் சின்ன வால் போன்ற குறி இருந்தால் அது சுரமில்லை, அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்ற முன்னறிவிப்பு. புதிதாகப் படிப்பவர்கள் அதையும் வாசித்துவிடுவது வழக்கம். 1600களின் அச்சுகளில் நேச்சுரல் குறியே அரிது: ஃபிளாட்டை ரத்து செய்ய ஷார்ப் போடுவார்கள், ஷார்ப்பை ரத்து செய்ய ஃபிளாட். வான் ஐக்கைத் திறந்தால் இது முக்கியம்.

#16 ஈயத்தகடு

ஸ்கேனைத் தாளில் அச்சிடுவது பற்றி யாரும் சொல்லவில்லை.

கறுப்பு வெள்ளையாக மாற்றும்போதுதான் சேதம். ஒரே வெட்டாக இரண்டு நிறமாக்கினால் முதலில் சாவது சுரத்தின் பக்கத்துப் புள்ளி, அடுத்து எண்ணின் குறுக்குக் கோடு. புள்ளி போனால் பாரில் கணக்கு உதைக்கும், கண்டுபிடித்துவிடலாம். குறுக்குக் கோடு போனால் கணக்கு உதைக்காது, ஹார்ப்சிகார்டு மட்டும் தப்பாக ஒலிக்கும். ஆகவே சாம்பல் நிறத்திலேயே வையுங்கள். பின்பக்க மை தெரிந்தால் வெள்ளை அளவை மட்டும் மெல்ல ஏற்றுங்கள், கறுப்பைத் தொடாதீர்கள்.

இடப்பக்கம் இரட்டைப்படை, வலப்பக்கம் ஒற்றைப்படை. மூலத்தில் எதிரெதிராக இருந்த பக்கங்களை எதிரெதிராகவே வையுங்கள். முகப்பை விட்டுவிட்டு இசைப்பக்கத்திலிருந்து அச்சிட்டால் பக்கத்திருப்பம் முழுவதும் இடம் மாறிவிடும், வாசிப்பின் நடுவில் திருப்ப வேண்டி வரும். முகப்புக்குப் பதில் வெற்றுத்தாளாவது ஒன்று சேருங்கள்.

சோலோ சொனாட்டாக்கள் ஸ்கோராகவே அச்சானவை. மேலே சோலோ, கீழே எண்ணிட்ட பாஸ். தனித்தனிப் புத்தகம் கிடையாது, அது ட்ரியோ சொனாட்டாக்களுக்குத்தான். மூன்று பேர் வாசித்தால் மூன்று பிரதி எடுங்கள். மூவருக்கும் மற்றவர் என்ன செய்கிறார் என்று தெரியும் என்பது இந்த அமைப்பின் லாபம். சோலோ வரியை மட்டும் வெட்டி ஒட்டித் தனிப்பிரதி செய்பவர்கள் அந்த லாபத்தைக் குப்பையில் போடுகிறார்கள்.

#17 மூங்கில்காடு

வாங்கி வைத்திருக்கும் பழைய நவீனப் பதிப்பில் 'ஓபஸ் 1 எண் 15' வரை போகிறது. இங்கே 12 தானே?

#18 தாழைமடல்

அது பதிப்பாசிரியர் கிரிசாண்டர் கணக்கு. 1879இல் தன் ஹாண்டெல் தொகுப்பின் 27ஆம் தொகுதியில் ரொஜே, வால்ஷ் இரண்டிலும் உள்ளவற்றையும் வேறு கைப்படிகளில் உள்ளவற்றையும் சேர்த்து 15 ஆக்கினார். அவருடைய 1ஏ என்பது பட்டியல் எண் 379, இந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. 13 என்பது 371, டி மேஜர் வயலின். 14, 15 இரண்டும் ரொஜேயில் இருந்து வால்ஷில் நீக்கப்பட்டவை. முகப்புகளில் 'ஓபஸ் 1' என்ற சொல்லே கிடையாது. ஆகவே கடையில் கேட்கும்போதும் கோப்புக்குப் பெயர் வைக்கும்போதும் பட்டியல் எண்ணையே சொல்லுங்கள்.

அச்சுக்குள் வராத ரெக்கார்டர் சொனாட்டா இரண்டு கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகக் கைப்படியில் உண்டு. ஒன்று பி ஃபிளாட் மேஜர், 377. மற்றது நாம் பேசிய டி மைனர், 367ஏ. 1948இல் தர்ஸ்டன் டார்ட் வெளியிட்ட பின்பே இவை ரெக்கார்டர்காரர்கள் கைக்கு வந்தன. 11ஆவது எஃப் மேஜரை ஹாண்டெலே பின்னர் ஆர்கன் கான்செர்ட்டோவாக்கினார், ஓபஸ் 4 எண் 5. மெதுப்பகுதியில் எவ்வளவு சதை வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

#19 பொடிஎழுத்து

தலைப்பு பத்தி ஒண்ணு. நம்மாளுங்க மொழிபெயர்க்கும்போது எல்லாத்தையும் 'புல்லாங்குழல்'னு போட்டுடறாங்க. வால்ஷ் பண்ணின குழப்பத்தை விட இது பெருசு. குறுக்கே பிடிக்கறது புல்லாங்குழல்னு சொன்னா ஒத்துக்கலாம். ரெக்கார்டரை ரெக்கார்டர்னே எழுதுங்கப்பா.

#20 மூங்கில்காடு

சரி, ரெக்கார்டர் என்றே எழுதுகிறேன். 9ஆவதைக் கிளெஃப் மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு பகுதி இருக்கிறது, மற்றவற்றில் நான்கோ ஐந்தோதானே? இரண்டு சொனாட்டா ஒட்டிக்கொண்டதா?

#21 ஒற்றைச்சாவி

ஒட்டவில்லை, கைப்படியிலும் ஏழுதான். லார்கோ, விவாச்சே, பிரஸ்டோ, அடாஜியோ, ஆல்லா பிரேவே, அண்டான்டே, கடைசியில் மினுவெட் நடை. மூன்றாவதை மட்டும் கவனியுங்கள். அச்சில் 'பிரஸ்டோ', ஹாண்டெல் கைப்படியில் 'ஃபுரியோஸோ'. வெறும் வேகமாக வாசித்தால் அந்தத் தாவல்கள் பயிற்சிப் பாடம் போலக் கேட்கும். நாவடியை ஒவ்வொரு தாவலின் மேல்சுரத்திலும் கொஞ்சம் கடுமையாக வையுங்கள்.

#22 பொடிஎழுத்து

டி மைனருக்கு ஏத்திட்டா அந்த மேல்சுரம் ஆல்ட்டோவில் இடது கட்டைவிரல் துளையைக் கிள்ளற இடத்தில் வரும். நகம் வளர்ந்திருந்தா வெட்டிக்குங்க, இடைவெளி பெருசானா கீச்சுன்னு அடிக்கும்.